நகராத கோடு

காலைச் சாப்பாட்டு மேசையில் அவளுடைய இடது கை தன்பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எதிரே கணவன் தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இடது கைக்கு அதெல்லாம் பொருட்டில்லை. நடுவிரல், கட்டைவிரல், மறுபடி நடுவிரல்.

“யாருக்கு தந்தி அடிக்கிற?” என்றான்.

கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். பதினேழு வருஷமாக ஒரே வரைபட மென்பொருள். கோடு வேண்டுமென்றால் ஓர் எழுத்து, வட்டம் வேண்டுமென்றால் இன்னோர் எழுத்து. அவள் யோசித்து முடிப்பதற்குள் விரல் முடித்திருக்கும். மூன்று வாரத்துக்கு முன் அலுவலகத்தில் அதைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றினார்கள். அதில் இடது கைக்குப் பெரிதாக வேலையே இல்லை. வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் ஆளைப் போல, அது மட்டும் இன்னும் உழைத்துக்கொண்டிருந்தது.

“புதுசு எப்படிப் போகுது?”

“நல்லாத்தான் போகுது” என்றாள். அது அவளுடைய வழக்கமான பதில். முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் கிடந்த நாளிலும் அதையேதான் சொன்னாள்.

அன்று மாலை நான்கு மணிக்குக் கூட்டம். பாட்டிலுக்கு மூடி போட்டு முறுக்கும் இயந்திரங்கள் செய்கிற கம்பெனி அது. மூடியைப் பிடித்து முறுக்கும் பகுதிக்கு அங்கே எல்லோரும் வைத்த பெயர் ‘தலை’. அந்தத் தலையை வரைந்தவள் அவள். அதைப் புதிய மென்பொருளில் முழுசாகக் கட்டிக் காட்டினால் அடுத்த பெரிய இயந்திரம் அவள் கையில் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தவறினால் அது ஷார்ட்கட்டுக்குப் போகும். ஷார்ட்கட் அவளைவிடப் பத்து வயது இளைய இன்ஜினியர். எல்லாவற்றுக்கும் கீபோர்டு குறுக்குவழிதான்; மவுஸைத் தொடுவதையே கௌரவக் குறைச்சலாக நினைப்பவன். அந்தப் பட்டப்பெயரை வைத்ததே அவள்தான். அவன் அதைப் பதக்கம் மாதிரி அணிந்துகொண்டான்.

அவளுக்குப் பயம் ஒன்றும் இல்லை. முதல் வாரம் எரிச்சல் இருந்தது, உண்மை. பழையது வாயில்லாப் பூச்சி, சொன்னதையெல்லாம் கேட்டுக்கொள்ளும். புதியதோ எதிர்க்கேள்வி கேட்டது. ஒரு கோடு போட்டால் அது நீல நிறத்தில் நிற்கும். எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எதற்கு இணையாக என்று எல்லாம் சொன்ன பிறகுதான் கறுப்பாகும். சொன்னதையே இன்னொரு முறை சொன்னால் முறைத்துக்கொள்ளும். இரண்டாவது வாரம் அவளுக்கே தெரியாமல் அந்தக் குணம் பிடித்துப்போனது. ஒரு கோட்டை நீலத்தில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்க மனம் வரவில்லை. இத்தனை பிடிவாதமாகத் தன்னிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை என்று ஒருநாள் தோன்றியது.

பதினோரு மணிக்குக் கடைசி நான்கு போல்ட்டுகளையும் தலையில் பொருத்திவிட்டு, எங்காவது ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று மென்பொருளைப் பார்க்கச் சொன்னாள். நான்கும் சிவந்தன. மேல் பிளேட்டின் துளை வழியாக இறங்கி, கீழ் பிளேட்டின் துளைக்குள் போகாமல் விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றன.

பின்னால் வந்து நின்ற ஷார்ட்கட் உச்சுக்கொட்டினான். தலைக்கே தலைவலியா என்று கேட்டுவிட்டு, எங்கேயோ அளவு தப்பாக அடித்திருப்பாள் என்றான்.

“புரோகிராம் பொய் சொல்லாதுக்கா” என்றான் போகும்போது.

தான் கட்டியதை மூன்று தடவை பார்த்தாள். குறை இல்லை. பழைய டிராயிங்குகளை அச்செடுத்து மேசையில் அக்கம்பக்கமாகப் பரப்பினாள். மேல் பிளேட்டில் துளைக்குத் துளை அறுபத்திரண்டு மில்லி. கீழ் பிளேட்டில் அறுபது. இரண்டிலும் அவள் கையெழுத்து.

அப்படியானால் ஆறு வருஷமாக இந்தத் தலைகள் எப்படிப் பூட்டப்பட்டு வெளியே போகின்றன?

தாள்களை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தாள். பாகங்களைச் சேர்த்துப் பூட்டும் பிட்டர், துணியில் கை துடைத்துக்கொண்டே வந்தார். அறுபதைக் காட்டினாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“அது அறுபத்திரண்டு மேடம்.”

“அறுபதுன்னு இருக்கே அண்ணே.”

“இருக்கட்டும். நான் மேல் பிளேட்டை வெச்சு, அது வழியாவே கீழ துளை போட்டுருவேன். முதல் தடவை சேரலை. அப்புறம் அப்படியே பழகிருச்சு.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“இன்ஜினியர் போட்டிருக்காங்க, ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன். நீங்க கேக்கலை, நான் சொல்லலை.” சற்று நிறுத்தினார். “நான் லீவுல இருந்தப்ப ஒண்ணு டிராயிங்படி போச்சு. அதான் திரும்பி வந்துது. வந்து திட்டும் வாங்கினேன்.”

அவளுக்கு நினைவிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் மாற்றுப் பிளேட் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார். ‘டிராயிங் சரி. ஒர்க்‌ஷாப்பில் விசாரிக்கவும்’ என்று பதில் எழுதியவள் அவள். கோப்பைத் திறந்து பார்க்காமலே எழுதினாள்.

ஷார்ட்கட்டின் கணினியில் பழைய மென்பொருள் இன்னும் மிச்சமிருந்தது. அங்கே உட்கார்ந்து மேல் பிளேட்டைத் திறந்து, அறுபத்திரண்டின் மேல் இரண்டு முறை சொடுக்கினாள். அந்த எண்ணுக்குக் கீழே உண்மையான நீளம் தெரிந்தது: அறுபது.

அந்த நாள் அப்படியே திரும்பி வந்தது. உள்ளே போகிற ஸ்பிரிங் பெரிதாகிவிட்டது. போல்ட்டுகள் இரண்டு மில்லி விலக வேண்டும். டிராயிங் அரை மணியில் ஒர்க்‌ஷாப்புக்குப் போயாக வேண்டும். துளைகளை நகர்த்தினால், கூட இருக்கிற பத்துக் கோடுகளை இழுக்க வேண்டும். அவள் கோட்டைத் தொடவில்லை; எண்ணை அழித்து மேலே வேறு எண்ணை எழுதினாள். கீழ் பிளேட் மறந்தே போனது. கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்ததால் படத்தில் துளைக்கு நேராகத் துளை நின்றது. யார் கண்ணுக்கும் எதுவும் தவறாகப் படவில்லை. பழைய மென்பொருள், சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

தன் இடத்துக்குத் திரும்பினாள். கீழ் பிளேட்டில் அறுபதை அறுபத்திரண்டாக்கினாள். புதிய மென்பொருளில் எண்ணை மட்டும் மாற்ற முடியாது. எண் மாறினால் கோடு நகரும். கோடு நகர்ந்தால் துளை நகரும். துளையோடு போல்ட்டும் போகும். நான்கு சிவப்பும் ஒரே நொடியில் அணைந்தன. இரண்டு இலக்க வேலை. யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நல்லாத்தான் போகுது என்று காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. அதற்குக் கீழே எந்தக் கோடு நகராமல் நின்றுகொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பதிலும் கோட்டைத் தொடாமல் மேலே எழுதிய எண்தான். நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டு, இரண்டு பிளேட்டின் டிராயிங்குகளையும் கூட்டத்துக்கு எடுத்து வைத்தாள்.

நான்கு மணிக்குத் திரையில் தலையைச் சுழற்றிக் காட்டினாள். பிரித்தாள், சேர்த்தாள். மேனேஜருக்குத் திருப்தி என்பது சாய்ந்து உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. ஷார்ட்கட் மட்டும் காலையில் சிவந்திருந்ததே என்று ஆரம்பித்தான்.

“அதைத்தான் சொல்ல வந்தேன்” என்றாள். “ஆறு வருஷமா டிராயிங் தப்பு. நான் போட்டது. நம்ம பிட்டர் தினமும் அதைத் தன் கையால சரிபண்ணிட்டிருந்தார். அந்தத் திரும்பி வந்த பிளேட்டுக்குத் திட்டு வாங்க வேண்டியது நான். அதை இன்னைக்கே எழுதிக் குடுத்துடறேன்.”

இரண்டு டிராயிங்குகளையும் மேனேஜர் பக்கம் தள்ளினாள்.

“இதே மாதிரி இன்னும் எத்தனை இருக்கும்?” என்று மேனேஜர் கேட்டார்.

“எனக்குத் தெரியாது. ஆனா எங்க ஒளிஞ்சிருக்கும்னு தெரியும். எண்ணை நம்பாம ஒவ்வொரு கோட்டையும் அளக்கணும். பழசும் புதுசும் தெரிஞ்ச ஆள்தான் செய்ய முடியும்.”

மேனேஜர் ஷார்ட்கட்டைப் பார்த்தார். அவன் முதல் முறையாக மவுஸைக் கையில் பிடித்து உருட்டிக்கொண்டிருந்தான்.

“என்னோட டிராயிங்லயும் அப்படி நாலஞ்சு இருக்குக்கா” என்றான் மெதுவாக.

வீட்டுக்கு வரும்போது இன்னும் வெளிச்சம் இருந்தது. கணவன் வாசலில் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றும்போது நிமிர்ந்து பார்த்தான்.

“என்ன, நல்லாத்தான் போச்சா?”

“ஒரு தப்பு அகப்பட்டுது.”

“யாரோடது?”

“என்னோடது.”

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். “அப்போ மேனேஜர் தர்றதா சொன்ன அந்தப் பெரிய மெஷின்?”

“அதுவும் என்னோடதுதான்” என்றாள்.