நாற்பத்தோராம் பக்கத்தில் செத்தவர்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டு. தினமும் ஒரு பக்கம் எழுதுவேன் என்று ஜனவரியில் முகநூலில் அறிவித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் போட்டார்கள். எழுதத்தான் ஒன்றுமில்லை. ரொம்மன் நிலையத்தில் ஏறும் காலை ஆறு ஐம்பது ரயிலில் தினமும் என் பக்கத்தில் ஒரு பெண் இருப்பார். மடியில் கொப்பியை விரித்து அவரை எழுதினேன்.

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழு

(வேண்டாம். ஒஸ்லோவில் இருந்து எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறோம்.)

2

வெளியே இருட்டு. ரயில் கண்ணாடியில் அவர் முகம் தெரியும், திரும்பாமலே பார்க்கலாம். சிவப்புத் தொப்பி கண் வரை, சால்வை மூக்கு வரை. தொலைபேசியில் நோர்வேஜிய மொழி. ஆகவே சிலி நாட்டவர் [ஆதாரம்: என் மூளை]. யூலியா என்று பெயர் வைத்தேன். கண்ணில் அடிக்கடி நீர் நின்றது. கணவன் இறந்திருக்கவேண்டும். நாற்பத்தோராம் பக்கத்தில் அவனைச் சாகடித்தேன். நல்ல பக்கம் அது. எனக்கே அழுகை வந்தது.

3

மார்ச் கடைசியில் காலையிலேயே வெளிச்சம். கண்ணாடியில் முகத்துக்குப் பதிலாக மாடி வீடுகள் தெரிந்தன. வேறு வழியில்லாமல் திரும்பினேன். தொப்பி இல்லை, சால்வை இல்லை, கழுத்தில் தாலி. என் கொப்பியை வாசித்துக்கொண்டிருந்தார்.

"நேற்று ஏன் பிள்ளை எழுதேல்லை?"

(எழுதியதாகத்தான் முகநூலில் போட்டிருந்தேன்.)

"அக்கா... நீங்கள் தமிழோ?"

"ஓம். மரியகொறற்றி. தை மாதத்திலை இருந்து வாசிக்கிறன். தெரிஞ்சால் நிப்பாட்டிப்போடுவீர் எண்டு பேசாமல் இருந்தனான். தொப்பி சிவப்பில்லை, மண்ணிறம். கண்ணிலை தண்ணி வாறது குளிருக்கு." கொப்பியை விரலால் தட்டினார்: "என்ரை மனுசனை ஏன் சாக்காட்டினனீர்? ஆள் வீட்டிலை இருக்கிறார். ஈஸ்டருக்குப் பிறகு நெஞ்சிலை ஒப்பரேசன். அந்தப் பக்கம் வாசிச்ச அண்டைக்கு எனக்கு வேலை ஓடேல்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும்தான்.

4

என்ன செய்யலாம்?

அ. அது யூலியா கண்ட கனவு என்று எழுதலாம். (நீங்கள் சிரிப்பீர்கள்.)

ஆ. பக்கத்தைக் கிழிக்கலாம். (நல்ல பக்கம் என்று சொன்னேனே!)

கிழித்தேன். 'அவர் எழும்பித் தேநீர் கேட்டார்' என்று புதிதாக எழுதினேன்.

"அவர் கேக்கமாட்டார். தானே போடுவார், எனக்கும் சேத்து."

திருத்தினேன். இப்படியே யூலியாவின் கணவர், அக்காவின் கணவர் கொன்ஸ்ரன்ரைன் ஆனார். சீனி கூடுதலாகப் போட்டார், சீட்டு விளையாட்டில் கள்ளம் செய்தார், அறுபதாம் பக்கம் முழுக்க நகம் வெட்டினார். இலக்கியம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

5

இன்று ஒப்பரேசன். அக்கா ஆஸ்பத்திரியில். நேற்று இறங்கும்போது தன் நம்பரைத் தந்து என்னுடையதையும் வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு எழுதுறதைப் படம் எடுத்து அனுப்பும். வாசலிலை இருந்து வாசிப்பன்."

ரயில் ஒகெர்ன் நிலையத்தைத் தாண்டிவிட்டது. மூன்று தொடக்கம் எழுதி மூன்றையும் வெட்டிவிட்டேன். நல்லது எழுதினால் பொய்யாகிவிடுமோ என்று பயம். மற்றதை எழுதக் கை வரவில்லை. கொன்ஸ்ரன்ரைன் கண்ணைத்

வாசகரே, இந்த வசனத்தை நீங்கள் முடியுங்கள். தரம், நடை ஒன்றும் பார்க்கவேண்டாம். சீக்கிரம் முடித்தால் போதும். அக்கா இரண்டு தரம் கேள்விக்குறி அனுப்பிவிட்டார்.