தலைமை விருந்தினரின் முதல் சொட்டு

நெய்வேலி டவுன்ஷிப்பில் எதைத் தொடங்கினாலும் தலைமை விருந்தினர்தான் முதலில் தொட வேண்டும். மரக்கன்றுக்கு அவர் தண்ணீர், குத்துவிளக்குக்கு அவர் தீக்குச்சி. ஆகவே பக்கத்து வடக்குத்து ஊரின் காண்ட்ராக்ட் தொழிலாளர் குடும்பங்களுக்கான, சிபிலிஸ் எனப்படும் மேகநோய்ப் பரிசோதனை முகாமிலும் முதல் சொட்டு ரத்தம் உயரதிகாரி கருணாகரனுடையதுதான் என்று விழாக்குழு தீர்மானித்தது. முடிவை மேடையிலேயே அறிவிப்பதாகவும் ஏற்பாடு.

புதிதாக வந்த மலிவான சோதனைப் பட்டை அது. ஒரு கோடு வந்தால் நோயில்லை, இரண்டு வந்தால் உண்டு.

கருணாகரன் சிரித்தபடி விரலை நீட்டினார். புகைப்படக்காரருக்காக இன்னொரு தரமும் நீட்டினார். லேப் டெக்னீஷியன் மேரிசெல்வி குத்தி, சொட்டைப் பட்டையில் விட்டாள்.

"இப்ப இருக்கிறத மட்டுந்தானேம்மா காட்டும்?"

"எப்பவோ வந்து போயிருந்தாலும் காட்டிடும் சார். கால் மணி நேரத்துல பாத்துடணும். ரொம்ப லேட்டானா செல்லாது."

வடக்கே போன அலுவலக டூர்கள் அவருக்கு வரிசையாக நினைவு வந்தன. முன்வரிசையில் மனைவி கமலா பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

மைக்கைப் பிடித்தார். பர்மனென்ட் ஊழியர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, காண்ட்ராக்ட் சகோதரர்கள்தான் ஒழுக்கம் பேண வேண்டும் என்று ஆரம்பித்தார். ஒழுக்கத்திலிருந்து பண்பாட்டுக்குப் போனார். பண்பாட்டிலிருந்து பழுப்பு நிலக்கரிக்கு இறங்கி, அதற்கும் கீழே தோண்டிக்கொண்டே போனார். கண் கைக்கடிகாரத்துக்கும் மேஜைக்குமாக ஓடியது. மேரிசெல்வி பட்டையைப் பார்க்கக் குனியும்போதெல்லாம், "இந்தத் தங்கைக்கு ஒரு கைதட்டல்!" என்று அவளை நிமிர வைத்தார். தங்கை நான்கு தடவை கும்பிட்டாள்.

வரிசையில் நின்ற கர்ப்பிணி தனகோடி இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "இந்தாளு பேசிக்கினே இருந்தா எனக்கு இங்கியே வலி வந்துடும்டி."

"சும்மா இரு அக்கா. நிலக்கரி தீரட்டும்" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

எல்லாரும் சிரித்தார்கள். கமலா சிரிக்கவில்லை. வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்ட, யாருக்காக இவ்வளவு பேசுகிறார் என்று பார்த்தாள். அவர் பார்வை போன இடத்தையும் பார்த்தாள்.

ஒருவழியாக நன்றி சொல்லி இறங்கிய கருணாகரன் மேஜையருகே குனிந்தார். "நேரம் தாண்டிடுச்சில்ல? செல்லாதுதானே?"

"செல்லாதுங்க சார். வேற பட்டையில திரும்பக் குத்தணும்."

"அதுக்கென்ன, இன்னொரு நாள்…"

அதற்குள் மேஜைமேல் ஒரு கை வந்து விரிந்து நின்றது. வளையல்களை மேலே தள்ளிவிட்டிருந்தாள் கமலா.

"அவருக்கு அப்புறம் குத்தலாம்மா. மொதல்ல எனக்குக் குத்து. மைக்ல எல்லாம் சொல்ல வேணாம், என்கிட்ட சொன்னாப் போதும்."