ஃபாத்திமா ஏன் கடித்தாள்

“அந்தப் பையத் தொறங்க மிஸ்.”

சாவுக்கு வந்தவங்கள ஒரு வார்த்தை கேக்கக் கூடாது, அதுவும் தங்கச்சியோட டீச்சர்கிட்ட மூச்சே விடக் கூடாது என்று சகாயநாதன் மாமா காலையிலேயே சொல்லியிருந்தார். ஆஷ்லின் கேட்டேவிட்டாள்.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அம்மா ரோசா. ஹேமலதா டீச்சர் மாலை போட்ட கையோடு கிளம்பவில்லை. மாதா பெயர் வைத்த தங்கை ஃபாத்திமாவை அணைத்தபடி சமையற்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். நேற்று வகுப்பில் தன்னைக் கடித்த பிள்ளைமேல் இன்றைக்கு என்ன இத்தனை பாசம்? ஆஷ்லின் பின்னாலேயே வந்துவிட்டாள். அவளைக் கண்டதும் டீச்சர் திறந்த பையைச் சட்டென்று மூடினார்.

டீச்சரின் பிளாஸ்திரி ஒட்டிய கை மறுபடி பையைத் திறந்தது. உள்ளே, சைலன்ட்டில், ஃபாத்திமாவின் செல்போன்.

“குடுத்துட்டுப் போலாம்னுதாம்மா வந்தேன். பாடம் நடக்கறப்ப பாத்ரூம் பாத்ரூம்னு ஓடுவா. நேத்துதான் கையும் களவுமா ஃபோனோட புடிச்சேன். புடுங்கினதும் கடிச்சிட்டா.”

“ஏன் ஓடறேன்னு கேட்டீங்களா?”

“எத்தினி வாட்டி! மொறைச்சிக்கிட்டு நிப்பா. எச்.எம். டிசி எழுதச் சொல்லிட்டாங்க. நீயும் பி.எட். படிச்சவதானே, நான் இன்னா செய்ய?”

திரை முழுக்க அம்மா, அம்மா, அம்மா. நேற்று எடுக்காத அழைப்புகள்.

“ஏண்டி?”

ஃபாத்திமா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “வலிப்பு வரப்போவுதுன்னா அம்மாவுக்கு முன்னாடியே தெரியும். உடனே எனக்கு ஃபோன் அடிக்கும். நான் செவுரு ஏறிக் குதிச்சி ஓடியாருவேன்.”

“மிஸ்கிட்ட சொல்றதுக்கு இன்னா?”

“மாமாதான் வெளிய சொல்லக் கூடாதுன்னாரு. உன் கல்யாணம் நின்னுடுமாம்.”

டீச்சர் மணிக்கட்டைப் பொத்திக்கொண்டார்.

மாமா சமையற்கட்டு வாசற்படியில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக?

“மெதுவாப் பேசும்மா. மாப்ள வூட்டுக்காரங்க பந்தல்லதான் இருக்காங்க. மாரடைப்புன்னு சொல்லியாச்சி. நம்ம வூட்டுலயே மொத டிகிரி நீ. உனக்காகத்தான் எல்லாம்.”

“எனக்காகவா? இவ வாயத் தச்சி ஸ்கூலுக்கு அனுப்பினீங்களே, அதுவுமா?”

“பெட்டி மூடற நேரத்துல...”

“எச்.எம். எங்க மிஸ் இருக்காங்க?”

“பந்தல்ல,” என்றார் டீச்சர். “சம்பந்தி அம்மாவுக்குப் பக்கத்துல.”

“நல்லதாப் போச்சி. ரெண்டு பேருக்கும் ஒரே வாட்டி சொன்னாப் போதும்.”

மாமா கையை நீட்டி வழியை மறித்தார். ஆஷ்லின் அதை விலக்கிவிட்டு, ஃபாத்திமாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அவள் வருவதைக் கண்டதும், மாப்பிள்ளையின் அம்மா மறுபக்கம் காலியாகக் கிடந்த நாற்காலியை அவள் உட்கார முந்தானையால் துடைத்தார்.