பதினேழாம் நம்பர் குடல் துண்டு

பின்லாந்தின் மேற்குக் கரையோர நகரம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் ஹில்க்கா ஆறு வருடமாகக் குடல் சுரண்டிக்கொண்டிருந்தாள். பன்றிக்குடலை நீளவாக்கில் கீறி, உள்ளே படிந்த வழவழப்பைக் கண்ணாடிச் சில்லால் வழித்தெடுப்பாள். அந்த நாற்றம் கையுறையைத் தாண்டி விரலில் ஒட்டும், முடியில் ஏறும். பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததில்லை.

அவளை முகம் சுளிக்க வைத்தது ஒரு காகிதம்.

பாலைச் செரிக்கவைக்கும் லாக்டேஸ் என்ற நொதியைத் தயாரிக்கும் மரபணு எல்லோருடைய குடல் செல்லிலும் உண்டு. பால்குடி மறந்தபின் பலருக்கு அது மெல்ல அடங்கிவிடும். மரபணுவுக்குச் சற்றுத் தள்ளி டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் அடங்காது. அந்த ஊரில் பெரியவர்களும் சாப்பாட்டோடு பால் குடிப்பது அதனால்தான். நோயாளிகளிடம் எடுத்த முப்பது துண்டுகளில் இருபத்தொன்பது இதற்கு ஒத்துப்போயின. பதினேழாவதில் எழுத்து மாறவில்லை, நொதியோ ஏராளம். ஆய்வுப் பட்டியலில் வயது முப்பத்து மூன்று என்றிருந்தது.

மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டினாள். மூன்று வயது. மரபணு அடங்கும் பருவமே வராத குழந்தை. ஆய்வுக்குச் சம்மதித்துப் பெற்றோர் போட்ட கையெழுத்தும் இல்லை.

பேராசிரியர் ராய்மோ மோரில் ரை தானிய ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

“ராய்மோ, பதினேழு ஒரு குழந்தை.”

“முப்பது வேணும், ஒண்ணு குறைஞ்சுது. வைத்தியத்துக்கு எடுத்த துண்டு, குப்பைக்குத்தானே போயிருக்கும்?”

“வயசுல இன்னொரு மூணு சேர்த்தது யாரு?”

“நான்தான். பொருந்தலேன்னா தூக்கிப் போடு.” மீசையில் மோர் வெள்ளையாக வழிந்தது. “காலையில பன்னிக்குடல்ல கைய விட்டவ, இதுக்குப் போய் அருவருக்கிறியே!”

“அது சோப்பு போட்டா போயிரும்.”

அந்த மீசையைப் பார்க்கச் சகிக்காமல் வெளியே வந்தாள். அன்றே இரண்டு ஆவணங்களையும் நன்னெறிக் குழுவுக்கு அனுப்பினாள். ஆய்வு நின்றது. அவளுடைய மூன்று வருட உழைப்பும் அதோடு போயிற்று. ராய்மோவுக்குக் கிடைத்தது ஒரு கண்டனக் கடிதம்.

இரண்டு வாரம் கழித்து, குழுவின் கடிதம் கிடைத்த குழந்தையின் தாய் போன் செய்தார். “எங்க பிள்ளையோடத எங்ககிட்டயே குடுத்துடுங்க.”

“இல்லீங்க,” என்றாள் ஹில்க்கா. “அரைச்சுக் கரைச்சுட்டோம். நான்தான் அரைச்சேன்.”

மறுமுனையில் இணைப்பு துண்டானது.