வாத்து கடலில் இருந்த காலம்

கடற்படையில் அதைவிடச் சின்னப் படகு கிடையாது. முகப்பில் ஒரே ஒரு பீரங்கி. சின்ன அலை வந்தாலும் இடுப்பை ஆட்டி ஆட்டிப் போகும். அதனால் மாலுமிகள் வாத்து என்று பேர் வைத்தார்கள். அது முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கியதிலிருந்து பீரங்கிக்காரர் அதில்தான் இருந்தார்.

சில வருஷம் ஆற்று முகத்துவாரத்தில் காவல், கடத்தல் படகுகளை விரட்டுவது என்று சும்மா போயிற்று. பிறகு போர் வந்தது.

ஒரு காலையில் கடல் எது, வானம் எது என்று தெரியாதபடி பனி மூடியது. இன்ஜினை நிறுத்திவிட்டு மிதந்தார்கள். மிக அருகில் யாரோ இருமினார்கள். எதிரிகளின் பாஷையில் ஒரு முணுமுணுப்பு.

"குறி வச்சாச்சா?" கேப்டன் பீரங்கிக்காரரின் காதோடு கேட்டார்.

"வச்சாச்சு சார்."

கேப்டன் கையை உயர்த்தினார். அது இறங்கினால் சுட வேண்டும். அப்போது பனிக்குள் ஒரு குழந்தை வீறிட்டது.

"ஏமாத்துறாங்களோ சார்?"

"ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போகட்டும். பொறு."

பனி மெல்ல விலகியது. எதிரிப் படகு இன்ஜின் நின்று கிடந்தது. தளம் முழுக்கக் கரையிலிருந்து தப்பி வந்த சனங்கள். அதன் பீரங்கிக் குழாய்மேல் ஈரத்துணிகள் காய்ந்தன.

வாத்து கயிறு வீசி, போரில் சேராத ஒரு தீவுவரை அதை இழுத்துப்போனது. வழியெல்லாம் இரண்டு படகிலும் யாரும் உரக்கப் பேசவில்லை, பேசினால் கனவு கலைந்துவிடும் என்பதுபோல்.

எதிரிப் படகைச் சுடாமல் விட்டதற்கான விசாரணையில் எல்லாப் பழியையும் கேப்டன் தன் தலையில் போட்டுக்கொண்டார். பதவி போயிற்று. துறைமுகத் தெருவில் சைக்கிள் கடை வைத்தார். பீரங்கிக்காரர் விடுமுறையெல்லாம் அங்கேயே கிடப்பார்.

"பேசாம இவருக்கு உங்க கடையிலயே ஒரு பாயைப் போட்டுடுங்கண்ணே," என்பாள் பீரங்கிக்காரரின் மனைவி.

போருக்குப் பின் வாத்து தீவுகளுக்குக் குடிதண்ணீர் சுமந்தது. வெள்ளத்தில் கூரைமேல் நின்றவர்களை ஏற்றி வந்தது. துரு தின்றபிறகு, அலையைத் தடுக்கத் துறைமுக வாசலோரம் அதை மூழ்கடித்தார்கள்.

அன்று கேப்டனும் பீரங்கிக்காரரும் துடுப்புப் படகில் போய்ப் பார்த்தார்கள். அவசரமே இல்லாமல், தூக்கத்தில் சாய்வதுபோல் வாத்து இறங்கியது.

"நான் கையை இறக்கியிருந்தா சுட்டிருப்பியா?"

"சுட்டிருப்பேன் சார்."

"நானும் இறக்கியிருப்பேன். அந்தப் புள்ள கொஞ்சம் தாமதமா அழுதிருந்தா."

தண்ணீர் மூடிக்கொண்டது. பீரங்கிக்காரர் ஒரு துடுப்பைக் கேப்டனிடம் நீட்டினார். இருவரும் கரைப்பக்கம் வலித்தார்கள்.