குறிஞ்சாக்கேணியில் எழுந்த கூரை

1

இந்தக் கதையை எழுத நான் உட்காரவில்லை. ஓர் ஆண்டுமலருக்காக, உலகத்து விளையாட்டரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரை அடக்கிய ரியோவின் கொங்கிறீற்று வட்டம். இரண்டு பெருந்தூண்களுக்கு நடுவே கம்பிவடத்தில் கூரை தொங்கும் தோக்கியோ நீச்சலரங்கு. 1972இல் மியூனிக் நகரம் கம்பி வலையை இழுத்துக் கட்டி, அதன்மேல் கண்ணாடி போன்ற தகடுகளைப் பதித்த அதிசயம்.

‘வலை’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. எனக்கு வலை என்றால் திருகோணமலை. கட்டுரை அந்த இடத்தில் கைநழுவியது. ஜெமீல் வந்தார்.

(ஜெமீல் என்று ஒருவர் இருந்ததில்லை. இருந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.)

2

முதல் தொடக்கம்: கடல் அன்று அமைதியாக

வேண்டாம். துறைமுகக் கதை கடலில்தான் தொடங்க வேண்டுமென்று சட்டமா?

இரண்டாம் தொடக்கம்: 1957இல் வெள்ளைக்காரர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது ஜெமீலின் வேலையும் போனது. கப்பல்களுக்குக் கயிறும் கம்பிவடமும் கட்டுகிறவர் அவர். வெயிலுக்குக் கப்பல் தளத்தின்மேல் கித்தான் இழுத்துக் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதன்பிறகு பதினாறு வருடமாக, பக்கத்திலுள்ள கிண்ணியாத் துறையடியில் தோணிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கை வேலை செய்தது. மனம் சும்மா இருந்தது.

இது இருக்கட்டும்.

1973இல் துறையடித் தேநீர்க்கடையில் ஒரு ஜெர்மன் மாலுமி சஞ்சிகை ஒன்றை விட்டுவிட்டுப் போனான். அதில் மியூனிக் அரங்கின் படம் இருந்தது. ஜெமீல் பிளேன்டீயை ஆறவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது கட்டடமில்ல,” என்றார் பக்கத்திலிருந்த மஹ்ரூபிடம். “இது கயித்து வேலை.”

மஹ்ரூப், அவர்களுடைய ஊரான குறிஞ்சாக்கேணியின் உதைபந்தாட்டக் கழகச் செயலாளர். அவருக்கு வேறு கவலை. மாவட்டக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்தைத் தங்கள் மைதானத்தில் நடத்த வேண்டுமானால், பார்வையாளர் முந்நூறு பேருக்கு நிழல் வேண்டுமென்று மாவட்ட உதைபந்தாட்டச் சங்கம் சொல்லிவிட்டது. சீமெந்து கிடைக்காத காலம். இறுதி ஆட்டம் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் வந்ததில்லை. ஊர்ப் பெண்கள் எவரும் ஓர் ஆட்டத்தை உட்கார்ந்து பார்த்ததுமில்லை.

“நான் கட்டித் தாறன்,” என்றார் ஜெமீல்.

3

இறக்கக்கண்டி மீனவர் தம்பு பழைய கரைவலைகளைக் கொடுத்தார். கண்ணாடித் தகட்டுக்குப் பதிலாகத் தென்னோலைக் கிடுகு. ஊரே பின்னியது. திட்டத்தைப் பார்க்கக் கட்டட அலுவலர் ஞானசேகரம் வந்தார். அவர் கையெழுத்து வைக்காமல் ஓர் ஆணியும் அடிக்க முடியாது.

“பத்தடிக்கு ஒரு தூண் வேணும், ஜெமீல். இல்லாட்டி நிக்காது.”

“தூண் நிண்டா பந்து தெரியாது ஐயா. பந்து பார்க்கத்தானே கூரை.”

“கச்சான் காத்து வருமே?”

“வரட்டும்.”

வந்தது. ஞானசேகரம் சோதனைக்கு மட்டும் சம்மதித்திருந்தார்; கப்பல் கித்தானை இழுப்பதுபோல நான்கு மூலையும் மட்டமாக இழுத்துக் கட்டியிருந்தார் ஜெமீல். பின்னேரம் நான்கு மணிக்குக் காற்று அடியில் புகுந்தது. வலை துடித்தது, அடித்தது, ஒரு கயிறு அறுந்து அவர் தோளைக் கிழித்தது. கிடுகுகள் மைதானம் முழுவதும் பறந்தன. “ஜெமீல்ட கப்பல் கடலுக்குள்ள தாண்டுபோச்சு” என்ற கதை துறையடிவரை போனது. அவர் மூன்று நாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

4

(இங்கே ஒரு வாக்குமூலம். கதையின் முதல் எழுத்துப்படியில் அவர் மனைவி நஜ்முன் நிஸாவுக்கு நான் கொடுத்த வேலை, தோளுக்கு எண்ணெய் போடுவது மட்டும். வாசித்தபோது வெட்கமாக இருந்தது. ஜெமீல் கொண்டுவந்த சஞ்சிகைப் படம் மூன்று நாளாக அந்த வீட்டில் கிடக்கிறது. அவள் பார்த்திருக்க மாட்டாளா?)

பார்த்தாள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

“இஞ்ச பாருங்க, இந்தப் படத்தில ஒரு இடமாவது மட்டமா இருக்கா?”

ஜெமீல் படத்தைக் கிட்ட இழுத்துப் பார்த்தார்.

“ஒரு பக்கம் மேல போகுது, மத்தப் பக்கம் கீழ வருது. நீங்க ஏன் பாய் விரிச்ச மாதிரி கட்டினீங்க?”

“கப்பல்ல அப்பிடித்தான் கட்டுறது.”

“இது கப்பலில்லையே.”

அவள் ஒரு துப்பட்டாவின் எதிரெதிர் மூலைகளை அவர் கையில் கொடுத்து உயர்த்தச் சொன்னாள். மற்ற இரண்டையும் தான் பிடித்துக் கீழே இழுத்தாள். துணி குதிரைச் சேணம்போல வளைந்து விறைத்தது. “ஊதுங்க,” என்றாள். அவர் ஊதினார். அது அசையவில்லை. பலமாக ஊதினார். தோள் வலித்தது, சிரிப்பும் வந்தது. பதினாறு வருடத்தில் அப்படி அவர் சிரித்ததில்லை.

5

ஜூலை மாத இறுதியில் ஆட்டம். இரண்டு மூலைகள் உயர்ந்த கம்பங்களில். மற்ற இரண்டும் மண்ணில் புதைத்த பழைய நங்கூரங்களில். நடுவில் ஒரு தூண்கூட இல்லை. ஞானசேகரம் ஒரு நிபந்தனையோடு ஒப்பமிட்டிருந்தார்: “நானும் கீழதான் இருப்பன். பிசகினா ஆட்டத்தை நிப்பாட்டி எல்லாரையும் எழுப்புவன்.” ஒரு பக்கம் முழுவதும் பெண்கள். முதல் வரிசையில் நஜ்முன் நிஸா.

இரண்டாம் பாதியில் கச்சான் காற்று எழும்பியது. புழுதி மைதானத்தைக் கடந்து வந்தது. கூட்டத்தில் பாதி எழுந்தது. ஞானசேகரமும் எழுந்தார்.

(இவ்விடத்தில் வேறொரு முடிவை எழுதிப் பார்த்தேன்: வலை கிழிந்து, கம்பம் சரிந்து, ஜெமீல் தலையில் கை

எழுத முடியவில்லை. எளியவர்கள் கட்டுவதையெல்லாம் நான்தான் கதைகளில் இவ்வளவு காலம் விழுத்தி வந்திருக்கிறேன். போதும்.)

கூரை ஒருமுறை மூச்சு இழுத்தது. கயிறுகள் ஒன்றாக முறுகின. கிடுகுகளின் இடுக்குகளால் காற்று சீறி வெளியேறியது. பிறகு ஒரு முனகல் மட்டும், நீண்டு, நிதானமாக. ஒரு கிடுகும் பறக்கவில்லை. நஜ்முன் நிஸா இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவளைப் பார்த்துப் பெண்களும் அசையவில்லை.

ஞானசேகரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு உட்கார்ந்தார். எழுந்தவர்களும் உட்கார்ந்தார்கள்.

“இந்த வளைவை ஆர் சொல்லித் தந்தது?” என்று கேட்டார்.

“வீட்டில,” என்றார் ஜெமீல், பெண்கள் பக்கம் கையைக் காட்டி. காற்றின் சத்தத்துக்கு மேலாக அதைச் சொல்ல வேண்டியிருந்தது. முந்நூறு பேருக்கும் கேட்டது.

6

இனி ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். குறிஞ்சாக்கேணிக்கு ஒரு பெனல்டி. உதைத்தாயிற்று. பந்து காற்றில் வளைகிறது, காவலன் பாய்கிறான்.

கோலா இல்லையா என்பதை நான் சொல்லப் போவதில்லை. உங்களுக்குப் பிடித்தபடி வைத்துக்கொள்ளுங்கள், தோற்றதாகக்கூட எழுதுங்கள். கூரையை மட்டும் தொடாதீர்கள். அது நிற்கிறது. கீழே ஊர்ப் பெண்கள் முதன்முறையாக, எந்தத் தூணும் மறைக்காமல், பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.