ஒக்கவாங்கோவுக்கு இரண்டு பேர்

“பாலைவனத்த முன்னால வைம்மா. யானையெல்லாம் கடைசியில,” என்றார் பேரின்பநாயகம்.

வினுஷா கணினியில் மூன்றாம் நாளையும் ஒன்பதாம் நாளையும் இடம் மாற்றினாள். மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். முதலில் நமீபியாவின் சிவப்பு மணல்மேடுகள். பிறகு வெள்ளை வெளேரென்ற உப்பு நிலம். அப்புறம் பொத்சுவானாவில், படகில் போகும் ஒக்கவாங்கோ சதுப்பு நிலம். கடைசியாக ஆற்றங்கரையில் யானைக் கூட்டம். பன்னிரண்டு நாள்.

“ஏன்ப்பா மாத்தணும்?”

“மொதல்லயே யானையப் பாத்துட்டா, அப்புறம் வெறும் மணல யாரு பாப்பாங்க? காலியான எடத்த மொதல்ல பாக்கணும்.”

முப்பத்தோரு வருடம் ரயில் சுரங்கத்தில் தண்டவாளம் சரிபார்த்தவர். ஓய்வு பெற்றதும் தூரம் தெரிகிற இடம் எதற்காவது போக வேண்டும் என்பார். மார்ச்சில் ஓய்வு பெற்றார். மே மாதம் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். அதன்பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் இந்தப் பயணம்தான் பேச்சு. அவரால் எங்கும் போக முடியாது என்று மருத்துவர் வினுஷாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவள் எதையும் பதிவு செய்யவில்லை. திட்டத்தை மட்டும் தினமும் திருத்திக்கொண்டிருந்தாள்.

அம்மா குணமணிக்கு இது பிடிக்கவே இல்லை. “ரெண்டு கரண்டி கஞ்சி எறங்க மாட்டேங்குது. இதுல சிங்கம் பாக்கணுமாம்,” என்று சொல்லிக்கொண்டே கிண்ணத்தைக் கலக்கினாள்.

“புக் பண்ணிட்டியா?” அப்பா திடீரென்று கேட்டார்.

வினுஷா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பண்ணிட்டேன்பா. மூணு பேருக்கும். செப்டம்பர்ல.”

“கெட்டிக்காரி,” என்று சிரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்தார். கஞ்சி நாலு கரண்டி இறங்கியது.

மாலை நாலு மணிக்கு மூச்சு மாறியது. தாதி மர்யம் வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டாள். அம்மா அவருடைய கால்கள் இரண்டையும் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் புக்கிட் மேராவில், அவர்களுடைய அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். மடக்கு நாற்காலிகளில் அக்கம்பக்கத்தார் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் சீருடையோடு வந்து சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். பதினோரு மணிக்கு வந்த மெலிந்த மனிதரை மட்டும் வினுஷாவுக்குத் தெரியவில்லை.

“நான் அஃப்னான். சிராங்கூன் ரோட்ல டிராவல் ஏஜென்சி வச்சிருக்கேன். காலையில அங்கிள் நம்பருக்கு போன் பண்ணேன், அப்பதான் தெரிஞ்சுது. சஃபாரி என்கிட்டதான் புக் பண்ணிருக்காரு.”

“அப்பாவா? எப்போ?”

“ஜூன்ல. கீமோ முடிச்சிட்டு நேரா டாக்சியில வந்தாரு. ரெண்டு பாஸ்போர்ட் குடுத்தாரு. உங்களோடதும் ஆன்ட்டியோடதும்.”

“ரெண்டா? மூணு இல்லியா?”

“நானும் கேட்டேன் லா. ரெண்டு போதும்னாரு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “மகள்கிட்ட இப்ப சொல்லாதே, அவ எம் பேரயும் சேத்து பிளான் பண்ணிக்கிட்டிருக்கா, அது அப்படியே இருக்கட்டும்னாரு.”

வினுஷா பக்கத்து நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டாள்.

“டேட் மாத்தணும்னா மாத்திக்கலாம். வேணாம்னா கேன்சல் பண்ணிடலாம். அவசரமில்ல. ஆன்ட்டிகிட்ட கேட்டுச் சொல்லுங்க,” என்றார் அஃப்னான். பெட்டியருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினார்.

மண்டாய் தகனச்சாலையில், கண்ணாடிக்கு அப்பால் பெட்டி தானாக நகர்ந்து கதவுக்குள் போனது. அம்மா அப்போதும் அழவில்லை.

திரும்பும்போது நல்ல மழை. பேருந்தில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அஃப்னான் சொன்னதை அப்படியே சொன்னாள் வினுஷா. தான் அப்பாவிடம் சொன்ன பொய்யையும் சொன்னாள்.



“எம் பாஸ்போர்ட்டக் காணோம்னு ஒரு நாள் பூரா அலமாரியக் கொடஞ்சேன்,” என்றாள் அம்மா. “அவரும் கூட நின்னு தேடினாரு லா.”

“ஒனக்கு வேணாம்னா கேன்சல் பண்ணிடலாம்மா.”

அம்மா பதில் சொல்வதற்குள் பேருந்து மெதுவாகி நின்றது. காட்டோரத்திலிருந்து வந்த குரங்குகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. எல்லாம் போன பிறகும் ஒன்று மட்டும், வயிற்றில் குட்டியைச் சுமந்தபடி, நடுச்சாலையில் நனைந்துகொண்டு நின்றது.

“கொஞ்சம் எந்திரி,” என்றாள் அம்மா.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வினுஷா எழுந்து வழிவிட்டாள். அம்மா ஜன்னலோரம் நகர்ந்து நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள்.

“ஹார்ன் அடிக்க வேணாம்னு சொல்லு.”

ஓட்டுநர் காத்திருந்தார். குரங்கு மறுபக்கத்து மரங்களுக்குள் மறையும்வரை அம்மா நெற்றியை எடுக்கவில்லை.